எந்த ஆண்டின் விதி? கப்பல் சான்றிதழ்கள் சொல்வதும் சொல்லாததும்

2025 மே 24 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்எஸ்சி எல்சா 3 என்ற கன்டெய்னர் கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. அதிலிருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். ஆனால் அதில் ஏற்றியிருந்த 640 கன்டெய்னர்களில் சில உடைந்து, பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரி மாவட்டக் கரைவரை வந்து ஒதுங்கின. கப்பல் 1997இல் கட்டப்பட்டது, லைபீரியாவின் கொடியில் ஓடியது என்ற செய்திகள் வந்ததும், 28 வயதான கப்பலை யார் ஓடவிட்டார்கள், அதற்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள் என்று பலரும் கேட்டார்கள்.

அது ஏன் மூழ்கியது என்பது விசாரணைக்குரிய விஷயம். இந்தக் கட்டுரை அதற்குள் போகவில்லை. கப்பல் விதிகளின்படி இருந்ததா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் அதற்கு என்ன பொருள் என்பதே இங்கு விளக்கப்படுகிறது. சாலையில் ஓடும் பேருந்துக்குத் தகுதிச் சான்று தருவதுபோல ஒரே அலுவலகம், ஒரே விதிநூல் என்ற ஏற்பாடு கப்பலுக்கு இல்லை. யாருடைய விதி, எதைப் பற்றிய விதி, எந்த ஆண்டின் விதி என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் பெரும்பாலும் கேட்கப்படாமல் போகிறது.

விதி எழுதுபவர்களும் பார்ப்பவர்களும்

1. சர்வதேசக் கடல்சார் அமைப்பு (ஐஎம்ஓ). லண்டனில் இருக்கும் இந்த ஐ.நா. அமைப்பில் 176 நாடுகள் உறுப்பினர்கள். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான ‘சோலாஸ்’, கடல் மாசைத் தடுக்கும் ‘மார்போல்’, எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று வரையறுக்கும் சுமைக்கோட்டு உடன்படிக்கை ஆகியவை இதன் பொறுப்பில் உள்ளன. ஆனால் இந்த அமைப்பு நேரடியாக எந்தக் கப்பலையும் சோதிப்பதில்லை. எந்தக் கப்பலுக்கும் சான்றிதழ் தருவதுமில்லை.

2. கொடி நாடு. கப்பல் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடுதான் உடன்படிக்கைகளைச் சட்டமாக்கி, சான்றிதழ் தர வேண்டும். உலகக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் 40 விழுக்காட்டுக்கு மேல் லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் என்ற மூன்று கொடிகளின் கீழ் இருக்கிறது. லைபீரியாவின் பதிவேட்டை நடத்தும் நிறுவனம் இருப்பதோ அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில்.

3. வகைப்பாட்டுச் சங்கம். கப்பல் துறையில் இதைச் சுருக்கமாக ‘கிளாஸ்’ என்பார்கள். தகடு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், சுழல்தண்டு எவ்வளவு முறுக்கைத் தாங்க வேண்டும் என்பன போன்ற நுட்ப விதிகளை எழுதுவது கிளாஸ். பெரும்பாலான கொடி நாடுகள் தங்கள் சார்பில் சோதனை செய்து சான்றிதழ் தரும் அதிகாரத்தையும் இதனிடமே ஒப்படைத்திருக்கின்றன.

4. துறைமுக நாடு. தன் துறைமுகத்துக்கு வரும் அந்நியக் கப்பலில் ஏறிப் பார்க்கவும், குறை பெரிதாக இருந்தால் அதைப் புறப்பட விடாமல் நிறுத்தி வைக்கவும் ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு. இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகள் இதற்காக 1998இல் செய்துகொண்ட இந்தியப் பெருங்கடல் உடன்பாட்டின் செயலகம் கோவாவில் இருக்கிறது.

இவற்றில் கிளாஸைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்வர்ட் லாயிட் என்பவர் லண்டனில் நடத்திய காபிக் கடையில் கப்பல் முதலாளிகளும் காப்பீடு தருபவர்களும் கூடிப் பேசுவது வழக்கம். காப்பீடு தருபவருக்குக் கப்பலின் நிலை தெரிய வேண்டியிருந்ததால் 1760இல் ஒரு சங்கம் அமைத்து, 1764இல் முதல் பதிவேட்டை அச்சிட்டார்கள். கப்பலின் உடலுக்கு ஏ, இ, ஐ, ஓ, யு என்று தரம் குறித்தார்கள். பாய்மரம், நங்கூரம் முதலிய சாதனங்களுக்குத் தனியாக ஒரு தரம். ‘ஏ1’ என்று இன்றும் வழங்கும் சொல் அந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது. கிளாஸ் பிறந்தது உயிரைக் காக்க அல்ல, காப்பீட்டுப் பணத்தைக் காக்க என்பதை நினைவில் வைத்தால் அதன் நடைமுறைகள் பலவும் புரியும்.

இன்று லாயிட்ஸ் ரிஜிஸ்டர், நார்வேயின் டிஎன்வி, ஜப்பானின் கிளாஸ்என்கே, மும்பையில் தலைமையகம் கொண்ட இந்தியக் கப்பல் பதிவகம் உட்பட 12 சங்கங்கள் ஒரு கூட்டமைப்பாகச் செயல்படுகின்றன. உலகச் சரக்குக் கப்பல்களின் கொள்ளளவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இவற்றின் வகைப்பாட்டில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சோதனை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுச் சோதனை, அந்த ஐந்தாண்டுக்குள் இரண்டு முறை கப்பலின் அடிப்பாகத்தைச் சோதித்துப் பார்ப்பது என்பது இவற்றின் பொதுவான நடைமுறை. சோதனைக்கான கட்டணத்தைக் கப்பல் முதலாளியே கொடுக்கிறார். எந்தச் சங்கத்திடம் போவது என்று முடிவு செய்பவரும் அவரே. இந்த ஏற்பாட்டில் உள்ள உறுத்தல் வெளிப்படையானது. ஆனால் இத்தனை ஆயிரம் கப்பல்களை உலகின் எந்த மூலையிலும் போய்ப் பார்க்கும் ஆள்பலம் எந்த அரசிடமும் இல்லை என்பதால் அது நீடிக்கிறது.

ஒரு வட்டம், ஒரு கோடு, சில எழுத்துகள்

விதி என்பது கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. எந்தச் சரக்குக் கப்பலின் பக்கவாட்டிலும், நீளத்தின் நடுவில், 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டமும் அதன் நடுவே 450 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு படுக்கைக் கோடும் வரையப்பட்டிருக்கும். அந்தக் கோட்டின் மேல்விளிம்புதான் கோடைகாலச் சுமை எல்லை. சற்றுத் தள்ளி ஏணிபோல வேறு சில கோடுகள் இருக்கும். வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. உரிய கோடு தண்ணீருக்குள் போகும் அளவுக்குப் பாரம் ஏற்றினால் அது குற்றம்.

பழைய கப்பல்களில் அளவுக்கு மீறி ஏற்றி, மூழ்கினால் காப்பீட்டை வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை எதிர்த்து, சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் நடத்திய போராட்டத்தால் 1876இல் இந்தக் கோடு கட்டாயமானது. கோடு கட்டாயமே தவிர, அதை எந்த உயரத்தில் வரைவது என்பதை முதலாளியே முடிவு செய்துகொள்ளலாம்! அந்த ஓட்டையை அடைக்க 1890 வரை ஆயிற்று.

இப்போது நடப்பில் இருப்பது 1966ஆம் ஆண்டு உடன்படிக்கை. அதன்படி கோடைக்கோட்டுக்குரிய ஆழத்தில் 48இல் ஒரு பங்கு வெப்பமண்டலக் கோடு உயர்ந்திருக்கும். 12 மீட்டர் ஆழம் மிதக்கும் கப்பலுக்கு இது 25 சென்டிமீட்டர். வங்கக் கடலுக்கு அந்த உடன்படிக்கை வகுத்துள்ள நாட்காட்டிப்படி டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை வெப்பமண்டலப் பருவம், மே 1 முதல் நவம்பர் 30 வரை கோடைப் பருவம். அதாவது நவம்பர் 30 அன்று வங்கக் கடலில் ஏற்றக் கூடாத 25 சென்டிமீட்டர் பாரத்தை டிசம்பர் 1 அன்று ஏற்றிக்கொள்ளலாம்.

ஐந்து பாகைக்கு ஐந்து பாகை கடல் பரப்பில், குறிப்பிட்ட ஒரு மாதத்தில், பத்தாண்டுக்கு ஒரு வெப்பமண்டலப் புயலுக்கு மேல் வராத இடத்தையே வெப்பமண்டலப் பகுதியாக எடுத்துக்கொள்வது என்பது இந்தப் பிரிவுக்கு அடிப்படையான அளவுகோல்களில் ஒன்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னைக்கு அருகே கரை கடந்ததையும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திரக் கரைக்குப் போனதையும் பார்த்தவர்களுக்கு அந்த நாட்காட்டி கொஞ்சம் துணிச்சலாகவே தோன்றும். விதி தவறு என்று இதனால் சொல்லிவிட முடியாது. புயலில் எந்தத் தலைமை மாலுமியும் கோட்டை மட்டும் நம்பிப் போவதில்லை. ஆனால் அந்தக் கோடு ஒரு காலத்தில் தெரிந்திருந்த புள்ளிவிவரத்தின் உறைந்த வடிவம் என்பது இங்கே துலக்கமாகத் தெரிகிறது.

விதிக்கு மேலேயே இருந்த டைட்டானிக்

1912இல் மூழ்கிய டைட்டானிக்கில் சுமார் 2,200 பேர் இருந்தார்கள். உயிர்காப்புப் படகுகளில் இருந்த இடமோ 1,178 பேருக்கு மட்டும். ஆனால் அது விதியை மீறவில்லை. 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் விதி, 10,000 டன்னுக்கு மேற்பட்ட எந்தக் கப்பலுக்கும் 16 படகுகள் போதும் என்றது. 46,000 டன் கப்பல் ஒன்று வரும் என்று அதை எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. டைட்டானிக்கில் 20 படகுகள் இருந்தன, விதி கேட்டதைவிட நான்கு அதிகமாக. அந்த விபத்தை அடுத்து 1914இல் எழுதப்பட்ட முதல் சோலாஸ் உடன்படிக்கை, உலகப் போர் வந்ததால் நடப்புக்கே வரவில்லை. இன்றிருப்பது 1974இல் எழுதி, 1980இல் நடப்புக்கு வந்து, தொடர்ந்து திருத்தப்பட்டு வருவது.

கவிழாமல் இருப்பதற்கான கணக்கு

சாய்ந்த கப்பல் தானே நிமிர்வதற்குக் காரணம், அதன் எடை கீழ்நோக்கி இழுக்கும் கோடும் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் கோடும் சற்று விலகி நிற்பதுதான். அந்த விலகல் ஒரு நெம்புகோலாகி, கப்பலைத் திரும்ப நிமிர்த்துகிறது. பாரம் மேலே ஏற ஏற நெம்புகோல் குறுகும்; ஒரு கட்டத்தில் திசை மாறிக் கப்பலைக் கவிழ்க்கத் தொடங்கும். சிறு சாய்வுகளில் இந்த நிமிரும் ஆற்றலைக் காட்டும் அளவை மாலுமிகள் ‘ஜிஎம்’ என்பார்கள். அது குறைந்தது 0.15 மீட்டர் இருக்க வேண்டும். 30 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட சாய்வில் நெம்புகோலின் நீளம் 0.20 மீட்டராவது இருக்க வேண்டும் என்பன இன்றைய விதிகள்.

இந்த எண்களின் வேர் 1939இல் பின்லாந்தில் யாக்கோ ரஹோலா என்பவர் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இருக்கிறது. அவர் கவிழ்ந்த கப்பல்களின் கணக்குகளைத் திரட்டி, எந்த அளவுக்குக் கீழே போனவை கவிழ்ந்தன என்று பார்த்தார். சர்வதேச அமைப்பு 1968இல் இதேபோன்ற அளவுகோல்களை 100 மீட்டருக்குக் குறைவான கப்பல்களுக்குப் பரிந்துரைத்தது. இன்று 300 மீட்டரைத் தாண்டும் கப்பல்களும் அடிப்படையில் அதே குடும்பத்து எண்களால்தான் அளக்கப்படுகின்றன. அலையின் முகட்டில் கப்பல் நிற்கும்போது நிலைத்தன்மை மாறுவது, தாளம்போல் உருண்டு உருண்டு சாய்வு பெருகுவது போன்றவற்றைக் கணக்கில் கொள்ளும் புதிய முறைகள் 2020இல் இடைக்கால வழிகாட்டுதல்களாக வெளிவந்தன.

எண் சரியாக இருந்தாலும் அதில் போடும் கணக்கு தவறலாம். 2019 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் பிரன்சுவிக் துறைமுகத்திலிருந்து 4,000க்கும் மேற்பட்ட கார்களுடன் புறப்பட்ட கோல்டன் ரே, கால்வாயில் ஒரு திருப்பத்தில் அப்படியே கவிழ்ந்தது. கப்பலின் அடித்தொட்டிகளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற அளவுகள் கணினியில் தவறாகப் பதியப்பட்டதே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. கணினித் திரையில் கப்பல் விதிப்படி இருந்தது, தண்ணீரில் இல்லை.

முதுகெலும்பு முறியும் கப்பல்கள்

கப்பலை ஒரு நீண்ட உத்தரமாகப் பாருங்கள். நடுப்பகுதி அலைமுகட்டின்மேல் ஏறி, இரு முனைகளும் பள்ளத்தில் தொங்கினால், மேல்தளம் இழுபடும், அடித்தகடு நசுங்கும். தகடு அறுந்து போவதைவிட, நெளிந்து மடங்குவதுதான் இங்கே பெரிய ஆபத்து. ஒரு பனைஓலையை இரு முனையிலும் பிடித்து அழுத்தினால் அது அறுவதில்லை, வயிறு தள்ளி மடங்குகிறது அல்லவா, அதுபோல.

2007 ஜனவரி 18 அன்று ஆங்கிலக் கால்வாயில் எம்எஸ்சி நேப்போலி என்ற கன்டெய்னர் கப்பலின் உடல் இயந்திர அறையை ஒட்டிய பகுதியில் இப்படி மடங்கி விரிசல் கண்டது. அது 1991இல் கட்டப்பட்ட கப்பல். நெளிவுக்கான வலிமைக் கணக்கை நடுப்பகுதிக்கு வெளியே செய்ய வேண்டும் என்று அந்தக் காலத்துக் கிளாஸ் விதிகள் கேட்கவில்லை என்பதை பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை பதிவு செய்தது. கூடவே இன்னொன்றும் வெளிப்பட்டது: மேல்தளத்தில் நனையாமல் இருந்த கன்டெய்னர்களை எடைபோட்டபோது சுமார் ஐந்தில் ஒன்று, ஆவணத்தில் அறிவித்த எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் விலகியிருந்தது. ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கன்டெய்னரின் எடையையும் சரிபார்க்க வேண்டும் என்ற சோலாஸ் விதி நடப்புக்கு வந்தது 2016 ஜூலை 1 அன்றுதான்.

நேப்போலியைப் பழைய கப்பல் என்று ஒதுக்கலாம். எம்ஓஎல் கம்ஃபர்ட் அப்படியல்ல. ஜப்பானில் 2008இல் கட்டப்பட்ட, 316 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் சிங்கப்பூரிலிருந்து ஜித்தாவுக்குப் போகும் வழியில், 2013 ஜூன் 17 அன்று, தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளில் ஏமனுக்கு அப்பால் நடுவில் இரண்டாக முறிந்தது. 26 பேரும் தப்பினார்கள். இரண்டு துண்டுகளும் பல நாட்கள் தனித்தனியே மிதந்து, பிறகு மூழ்கின. வயது ஐந்து, சான்றிதழ்கள் சரி, அன்றைய வலிமை விதிக்கும் பொருத்தம். ஆய்வில் தெரியவந்தது இது: முதுகு வளையும் விசை ஒரு பக்கம் அடித்தகட்டை நெருக்க, அதே நேரத்தில் கீழிருந்து தண்ணீரின் அழுத்தமும் உள்ளே தள்ள, இரண்டும் சேர்ந்து வருவதை அன்றைய விதி ஒன்றாகக் கணக்கிடவில்லை. அதே வடிவமைப்பில் கட்டிய சகோதரக் கப்பல்களின் அடித்தகடுகளிலும் நெளிவு காணப்பட்டு, அவை பலப்படுத்தப்பட்டன. கிளாஸ்களின் கூட்டமைப்பு கன்டெய்னர் கப்பல்களுக்கென்றே புதிய வலிமை விதிகளை 2015இல் வெளியிட்டது. அவை 2016 ஜூலை 1 முதல் கட்ட ஒப்பந்தமாகும் கப்பல்களுக்கே பொருந்தும்.

ஏரா இட்ட நாள்

அந்தக் கடைசி வாக்கியமே இந்த விஷயத்தின் மையம். கப்பல் விதிகள் பொதுவாக முன்தேதியிட்டுச் செயல்படுவதில்லை. ஒரு கப்பலுக்கு எந்த விதி என்பதைத் தீர்மானிப்பது அதன் கட்டுமானம் தொடங்கிய நாள், அல்லது விதியைப் பொறுத்து ஒப்பந்தம் கையெழுத்தான நாள். தோணி கட்டும் தச்சர்கள் ‘ஏரா’ என்று சொல்லும் அடிமரத்தைக் கிடத்துவதுதான் பழங்காலத்தில் தொடக்கம். இன்றைய எஃகுக் கப்பலில் அப்படி ஒற்றை அடிமரம் கிடையாது. எனவே சோலாஸ் அதற்கு இணையான ஒரு நிலையை வரையறுக்கிறது: இன்ன கப்பலுக்கென்று அடையாளம் காணத்தக்க கட்டுமானம் தொடங்கி, குறைந்தது 50 டன் அல்லது மதிப்பிட்ட மொத்தக் கட்டமைப்புப் பொருளின் எடையில் 1 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அது பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

பல்லாயிரம் டன் எஃகு வேண்டிய கப்பலுக்கு 50 டன் என்பது ஓரிரு பாளங்கள். அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதைக் கப்பல் தளங்கள் 2015இன் இறுதியில் காட்டின. வட அமெரிக்கக் கரையோரக் கடலில் நைட்ரஜன் ஆக்சைடு புகைக்கான மிகக் கடுமையான வரம்பு, 2016 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ கட்டத் தொடங்கும் கப்பல்களுக்குப் பொருந்தும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த நாளுக்கு முன்பே, வாங்குபவர் முடிவாகாத கப்பல்களுக்கும் அவசர அவசரமாக ஏரா இடப்பட்டது. பிற்பாடு கட்டி முடித்தாலும் அவை சட்டப்படி 2015ஆம் ஆண்டுக் கப்பல்கள்!

இதற்கு விலக்குகளும் உண்டு. எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டை உடல் (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அடுக்குத் தகடு) வேண்டும் என்ற விதி, 1989இன் எக்ஸான் வால்டீஸ் விபத்துக்குப் பிறகு வந்து, 1999இல் எரிகாவும் 2002இல் பிரெஸ்டீஜும் உடைந்த பிறகு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒற்றை உடல் கப்பல்களையும் காலக்கெடு வைத்து வெளியேற்றியது. ஆனால் அப்படிப் பழைய கப்பலைத் தொடும் விதி அரிது. ஓடும் கப்பலின் அடித்தகட்டைத் தடிமனாக்குவது வீட்டைக் கட்டி முடித்த பிறகு அஸ்திவாரத்தை மாற்றுவதற்குச் சமம் என்பது முதலாளிகளின் வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

இயந்திர அறையின் வினாடிகள்

இயந்திரவியல் விதிகளின் அடிப்படை எண்ணம் எளியது: எந்த ஒன்று பழுதானாலும் கப்பல் கட்டுப்பாட்டை இழக்கக் கூடாது. 1978இல் பிரான்சின் பிரிட்டனி கரையில் அமோகோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பலின் சுக்கான் இயந்திரம் பழுதாகி, 2 லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டிய பிறகு சுக்கானுக்கான விதிகள் கடுமையாயின. முழு வேகத்தில் போகும்போது சுக்கான் ஒரு பக்கம் 35 பாகையிலிருந்து மறுபக்கம் 30 பாகைக்கு 28 வினாடிக்குள் திரும்பியாக வேண்டும். கடைசி 5 பாகையில் பம்பு தானே தளர்ந்து நிற்கப் போவதால் அதற்குக் கடிகாரம் வைப்பதில்லை. புறப்படுவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் போனால், அவசர ஜெனரேட்டர் அதிகபட்சம் 45 வினாடிக்குள் தானே இயங்கி மின்சாரம் தர வேண்டும். வெள்ளமோ தீயோ ஒரே நேரத்தில் இரண்டையும் தாக்காமலிருக்க, அது இயந்திர அறைக்கு வெளியே, மேல்தளத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

2024 மார்ச் 26 அதிகாலையில் பால்டிமோர் துறைமுகத்தில் டாலி என்ற கன்டெய்னர் கப்பல் மின்சாரம் இழந்து, பாலத் தூணில் மோதி, பாலத்தின்மேல் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் 6 பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்த 21 மாலுமிகளில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். அமெரிக்க விசாரணை அமைப்பு கண்டறிந்த காரணம் விரல் நகத்தளவு: ஒரு சமிக்ஞைக் கம்பியின் மேல் மாட்டியிருந்த பெயர்ச்சீட்டு, அந்தக் கம்பியை இணைப்பு முனைக்குள் முழுதாகச் செருக விடாமல் தடுத்திருந்தது. கம்பி தளர்ந்ததும் மின்தடுப்பான் (சர்க்யூட் பிரேக்கர்) விழுந்து மின்சாரத்தைத் துண்டித்தது. பம்புகள் நின்றதால் பிரதான இயந்திரமும் தானே நின்றது. மின்சாரம் திரும்பியும் மறுபடி போனதற்கு, ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் தரும் பணியில், குழாய்களை அலசுவதற்கான வேறொரு பம்பைப் பயன்படுத்தியது காரணம். மின்சாரம் போய் வந்தால் அந்தப் பம்பு தானே மீண்டும் ஓடாது. விதி எதிர்பார்க்கும் இரட்டை ஏற்பாடு கப்பலில் கட்டப்பட்டிருந்தது. அன்றாட வசதிக்காக அது பயன்படுத்தப்படாமல் ஒதுக்கப்பட்டிருந்தது. அவசர ஜெனரேட்டருக்கு விதி தரும் 45 வினாடி நடுக்கடலில் ஒன்றுமில்லை. பாலத்துக்கு மிக அருகில் அதுவே நீண்ட நேரம்.

ஒரு கப்பலைப் பற்றித் தெரிந்துகொள்ள

செய்தியில் ஒரு கப்பலின் பெயர் வரும்போது வாசகரே சிலவற்றைப் பார்த்துக்கொள்ள முடியும். பெயரும் கொடியும் கைமாறும்போது மாறும்; ஏழு இலக்கமுள்ள ஐஎம்ஓ எண் மாறாது. அந்த எண் மெய்யானதா என்பதற்கு ஒரு சோதனையும் உண்டு. டாலியின் எண் 9697428. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 188 வரும். அதன் கடைசி இலக்கமான 8தான் எண்ணின் கடைசி இலக்கம்.

அந்த எண்ணை ஈக்வாசிஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தில் இட்டால், கட்டப்பட்ட ஆண்டு, இப்போதைய கொடி, கிளாஸ், துறைமுகச் சோதனைகளில் கண்ட குறைகள், நிறுத்திவைக்கப்பட்ட நாட்கள் ஆகியவை கிடைக்கும். கிளாஸ் அடிக்கடி மாறியிருந்தாலும், ஒரே வகைக் குறை வெவ்வேறு துறைமுகங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தாலும் கவனிக்க வேண்டும். கட்டப்பட்ட ஆண்டு என்று அதில் இருப்பது, கட்டிய தளம் கப்பலை முதலாளியிடம் ஒப்படைத்த ஆண்டு. ஏரா இட்ட நாள் அதற்கு ஓராண்டோ, 2015 இறுதியில் அவசரமாகத் தொடங்கியவற்றில் அதற்கும் மேலாகவோ முந்தியிருக்கலாம்.